கடையில் கிடைக்கும் பீரை வீட்டில் ஏன் காய்ச்சுகிறார்கள்?

இங்கிலாந்தில் நான் வசிக்கும் தெருவில், பக்கத்து வீட்டுக்காரர் மாதம் ஒரு சனிக்கிழமை பீர் காய்ச்சுவார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறக்கும். பத்து மணிக்குள் எங்கள் பின்கட்டு வரை ஒரு மணம் வந்துவிடும். முதல்முறை அதை முகர்ந்தபோது எனக்கு அம்மாவின் அடுப்பங்கரைதான் நினைவுக்கு வந்தது. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைத்து, பாலில் காய்ச்சித் தருவாரே ராகி மால்ட், அந்த மணம். வேலி ஓரம் நின்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். உள்ளே வந்து பார்க்கச் சொன்னார்.

அன்று பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அண்டா போன்ற ஒரு பெரிய பாத்திரத்தில் முளைகட்டி உலர்த்திய பார்லி, ஏறக்குறைய நாலரைக் கிலோ, ரவை உடைப்பதுபோல் ஒன்றிரண்டாக உடைக்கப்பட்டு வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஆறவும் கூடாது. 65 முதல் 68 பாகை செல்சியஸுக்குள் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. தொடக்கத்தில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார். வெறும் கஞ்சித் தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்து அதே பாத்திரத்திலிருந்து கொடுத்தார். பதநீர்போல் இனித்தது. ஒரு துளி சர்க்கரைகூட அவர் சேர்க்கவில்லை.

பிறகு அந்த இனிப்பு நீரை வடித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டார். கொதியில் ஹாப்ஸ் என்ற கொடியின் காய்ந்த பூங்கூம்புகளை மூன்று தவணையாகப் போட்டார். முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது மணத்துக்கு. செப்புக் குழாய்ச் சுருளில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு அரை மணி நேரத்தில் ஆறவைத்தார். பால்மானியைப் போன்ற ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அளவு பார்த்தார். 1.048. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், அந்த இனிப்பு நீரின் அடர்த்தி அது. ஈஸ்ட்டைத் தூவி, காற்றுப் போக்கி பொருத்திய மூடியால் மூடி, மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியில் வைத்தார். மறுநாள் அந்தக் காற்றுப் போக்கி இரண்டு நொடிக்கு ஒருமுறை குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துக் குழல் 1.010 காட்டியது. அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் ஆல்கஹாலாக மாறிய சர்க்கரை. கணக்குப் போட்டால் 5 சதவீதம்.

ஆறு மணி நேர வேலை. அதில் பாதி, பாத்திரம் கழுவுவது. அவர் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் கடையில் நாற்பது வகைப் பீர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு ஏன்?

காசு மிச்சம் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் பதில். பொய்யில்லை. பிரிட்டனில் மதுக்கூடத்தில் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், இன்று பல ஊர்களில் 5 பவுண்டைத் தொட்டுவிட்டது. என் கணக்குப்படி 20 லிட்டர் காய்ச்சுவதற்கான பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் சேர்த்து 25 பவுண்டுக்குள் முடிந்துவிடும். அதில் 40 பாட்டில் நிரம்பும். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சினால் வரியும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு மக்களை உள்ளே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். உள்ளே வந்தவர்கள் தங்குவதற்குக் காரணம் வேறு. இரண்டாம் ஆண்டிலேயே புதிய பாத்திரம், பழைய குளிர்பெட்டி, வெப்பநிலைக் கருவி என்று மிச்சமான காசு அதிலேயே போய்விடுகிறது. அப்போதும் அவர்கள் நிறுத்துவதில்லை. காசுக்காக மட்டும் செய்பவர், கடை விலை இறங்கிய அன்றே அடுப்பை அணைத்திருப்பார்.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கியாக வேண்டும். ‘வீட்டில் காய்ச்சுகிறார்கள்’ என்ற சொற்கள் தமிழ் காதில் விழுந்தவுடன் கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த பிறகு அப்படி நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. அங்கே மனிதர்களைக் கொன்றது மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் அந்த நஞ்சை விற்பனைச் சாராயத்தில் கலந்தார்கள். தானியத்தை நொதிக்க வைக்கும் பீரில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. சாராயம் வடிப்பது என்பது நொதித்ததைச் சூடாக்கி, ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துச் செறிவாக்குவது. பீரில் அந்தக் கட்டமே கிடையாது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்சலாம், உரிமமில்லாமல் சாராயம் வடிக்கக் கூடாது. வீட்டுப் பீரில் நிஜமான ஆபத்து பாட்டில்தான். அடைக்கும்போது சர்க்கரை கூடிவிட்டாலோ, நொதித்து முடியும் முன் அவசரப்பட்டு அடைத்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும்.

வீட்டில் ஏன் காய்ச்சுகிறார்கள் என்ற கேள்வியையே நான் கொஞ்சம் திருப்பிக் கேட்க விரும்புகிறேன். பீர் எப்போது வீட்டை விட்டு வெளியே போனது? ஏனென்றால் அது வீட்டுப் பொருளாகத்தான் பிறந்தது. சோறு ஆக்குவதும், ரொட்டி சுடுவதும், பீர் காய்ச்சுவதும் ஒரே கைகளின் வேலையாக இருந்தன. பெரும்பாலும் பெண்களின் கைகள். சுமேரியர்கள் பீருக்கு வைத்திருந்த தெய்வம் நின்காசி என்ற பெண் தெய்வம். இடைக்கால இங்கிலாந்தில் கிராமத்துப் பெண்கள் வீட்டுக்குக் காய்ச்சி, மிஞ்சியதை வாசலில் விற்றார்கள். காய்ச்சியிருக்கிறது என்று ஊருக்குத் தெரிவிக்க வீட்டு முன் ஒரு கம்பை நீட்டி வைப்பார்கள்.

அந்த நிலையைக் குலைத்தது ஒரு பூ. அதுவரை இங்கிலாந்தில் காய்ச்சிய ஏல் என்ற பீர் வகை, ஹாப்ஸ் இல்லாதது. சில நாட்களில் கெட்டுவிடும். கெட்டுவிடும் பொருளை யாரும் மலைபோல் காய்ச்சிக் குவிக்க முடியாது. ஆகவே அது வீட்டளவிலேயே இருந்தது. ஐரோப்பியக் கண்டத்திலிருந்து, இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளிலிருந்து, 15ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் சேர்த்த பீர் இங்கிலாந்தில் பரவியது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் கிருமிகளைத் தடுக்கும். மாதக்கணக்கில் கெடாது. வண்டியில் ஏற்றலாம், கப்பலில் அனுப்பலாம், படைக்கு விற்கலாம். பெரிய கொப்பரை வாங்க முதல் வேண்டும், முதல் ஆண்களிடம் இருந்தது. தொழில் கைமாறியது. ஒரு கசப்புப் பூ ஒரு வேலையைப் பெண்களின் கையிலிருந்து எடுத்துப் பெரிய முதலாளிகளிடம் கொடுத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நம் பக்கத்திலும் இது அடுப்பங்கரை வேலையாகத்தான் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை ‘இல்லடு கள்’ என்றே சொல்கிறது. இல்லத்தில் அட்ட கள். அதிலிருந்து வந்த தோப்பி என்ற நெற்கள்ளைக் குடித்தார்கள் என்கிறது. அதே பாட்டில், வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில், கிட்டத்தட்ட ஒரு செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆறவைத்து, அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். அந்த அடை முளைத்த தானியத்தை இடித்துச் செய்தது என்பது உரை விளக்கம். பக்கத்து வீட்டுப் பஸ் ஓட்டுநர் பார்லி முளையை வைத்துச் செய்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. மாவுச்சத்தை முளை இனிப்பாக்குகிறது. இனிப்பை ஈஸ்ட் வேறொன்றாக்குகிறது. ஜார்க்கண்டின் ஆதிவாசி வீடுகளில் பெண்கள் இன்றும் சோற்றில் ‘ரானு’ என்ற மூலிகை உருண்டையைக் கலந்து ஹண்டியா செய்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தில் அதற்கு அபோங் என்று பெயர். அவர்களிடம் போய் ஏன் வீட்டில் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டால் கேள்வியே அவர்களுக்குப் புரியாது.

ஆலை வந்ததும் அரசின் கணக்குப் புத்தகமும் கூடவே வந்தது. ஆயிரம் அடுப்புகளில் வரி வசூலிப்பதைவிட ஒரு கொப்பரையில் வசூலிப்பது எளிது. பிரிட்டனில் 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், மீதான வரியை நீக்கி, பீர் மீது வரி போட்டார். அத்துடன் வீட்டில் காய்ச்சுபவர்களும் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த பழக்கம் மெல்ல மங்கியது. 1963இல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை எடுத்தார். எடுத்த வேகத்தில் மருந்துக் கடைகளில்கூட மால்ட் பாகு டப்பாக்கள் வந்துவிட்டன. அதே காலத்தில் நாட்டின் மதுக்கூடங்களில் பெரும்பகுதி ஆறு பெரிய நிறுவனங்களின் கைக்குள் போயிருந்தது. வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றிய ஒரே மாதிரி பீர் எங்கும் ஓடியது. அதை எதிர்த்து 1971இல் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் தொடங்கியது. எதிர்க்க விரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இயக்கத்தில் சேர்ந்தார்கள். இன்னொரு பகுதியினர் வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் ஏராளம்.

அமெரிக்காவின் கதை இன்னும் கூர்மையானது. 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. பீர் ஆலைகள் மூடாமல் இருக்க மால்ட் பாகு விற்றன. ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லி விற்றார்கள். அதில் ஹாப்ஸ் சுவை சேர்த்த பாகும் இருந்தது. கசக்கும் ரொட்டியை யார் சுடுவார்கள்? வாங்கியவர்களும் விற்றவர்களும் அறிந்தே நடந்த வியாபாரம் அது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை மது செய்ய அனுமதி கிடைத்தது. பீருக்குக் கிடைக்கவில்லை. இந்த நிலை 45 ஆண்டுகள் நீடித்தது. அந்த 45 ஆண்டுகளில் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கின. 1970களின் இறுதியில் அந்தப் பெரிய நாட்டில் பீர் ஆலைகள் நூறுகூட இல்லை. அவை காய்ச்சியதும் பெரும்பாலும் ஒரே வகை: வெளிறிய நிறம், மெலிந்த சுவை, குளிரக் குளிரக் குடித்தால் மட்டும் இறங்குவது.

கடும்பழுப்பு ஸ்டவுட் வேண்டும், கசப்பான ஏல் வேண்டும் என்று ஏங்கியவருக்கு அன்று ஒரே வழிதான். தானே காய்ச்ச வேண்டும். சட்டத்தை மீறியாவது. 1978 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை எடுத்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், ஏறக்குறைய 757 லிட்டர், வரியில்லாமல் காய்ச்சலாம். தனியாக இருப்பவருக்கு அதில் பாதி. மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தம் சட்டங்களைத் திருத்தின. கடைசியாக வழிவிட்ட அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை காத்திருந்தன.

அந்த அடுப்புகளிலிருந்து என்ன வந்தது என்று பாருங்கள். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் கென் கிராஸ்மன் என்ற இளைஞர் 1976இல் வீட்டுப் பீருக்கான பொருட்கள் விற்கும் கடை போட்டார். 1980இல் பால்பண்ணையின் பழைய கலன்களை வாங்கிப் பொருத்தி சியரா நெவாடா ஆலையில் முதல் பீரைக் காய்ச்சினார். ஆரஞ்சுத் தோல் மணம் வீசும் கேஸ்கேட் என்ற ஒரு ஹாப்ஸ் வகை இருந்தது. அவர் அதை அள்ளிப் போட்டார். இன்று உலகமெங்கும் சிறிய ஆலைகள் காய்ச்சும் மணமான ஏல்களுக்கு அது முன்மாதிரி. அமெரிக்காவில் இன்று 9,000க்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்கியவர்களில் மிகப் பலர் முதலில் சமையலறையில் காய்ச்சிப் பழகியவர்கள். 2012இல் வெள்ளை மாளிகையே, தன் தோட்டத்துத் தேனைச் சேர்த்துக் காய்ச்சிய பீரின் செய்முறையை மக்களுக்கு வெளியிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் சட்டவிரோதமாக இருந்த வேலை அது.

இதுவரை சொன்னது சுவைக்காகக் காய்ச்சியவர்களின் கதை. தென்னாப்பிரிக்காவில் வீட்டுப் பீர் வயிற்றுப்பாட்டுடனும் மானத்துடனும் பிணைந்தது. இதை அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

அங்கே சோளத்திலும் மக்காச்சோளத்திலும் பெண்கள் காய்ச்சும் உம்கொம்போதி, விருந்துக்கும் முன்னோர் வழிபாட்டுக்கும் உரியது. நகரங்களுக்குப் பிழைக்க வந்த பெண்களுக்கு அதைக் காய்ச்சி விற்பதுதான் பிள்ளைகளைக் காப்பாற்றும் வழியாக இருந்தது. 1908இல், டர்பன் நகரம் இருக்கும் நேட்டால் பகுதியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி கறுப்பின மக்களுக்குப் பீர் காய்ச்சி விற்கும் தனியுரிமையை நகராட்சி எடுத்துக்கொள்ளலாம். டர்பன் நகராட்சி எடுத்துக்கொண்டது. நகராட்சியின் பீர்க்கூடங்களில் ஆண்கள் கூலியைச் செலவழித்தார்கள். அந்த வருமானத்தில் அவர்களையே பிரித்து வைத்து ஆளும் நிர்வாகம் நடந்தது. மற்ற நகரங்களும் இதைப் பின்பற்றின. ‘டர்பன் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வீட்டில் காய்ச்சிய பெண்களின் குடிசைகளில் போலீஸ் புகுந்து பானைகளை உடைத்தது. 1929இல் நேட்டாலின் பெண்கள் பீர்க்கூடங்களை மறித்து நின்றார்கள். 1959 ஜூன் மாதம் டர்பனின் கேட்டோ மேனரில் மீண்டும் வெடித்தது. பீர்க்கூடங்களுக்குள் புகுந்து ஆண்களைத் தடியால் விரட்டிப் பீரைக் கொட்டினார்கள். கேட்டோ மேனரின் நிலங்களில் பெரும்பகுதி, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று பிறகு தோட்டம் போட்டு நிலைத்த இந்தியர்களுடையது. அவர்களில் தமிழர்கள் கணிசம். அந்தப் போராட்டத்தின் களம் நம்மவர்கள் வெட்டிக் கொத்திய மண்.

அதே நாட்டில் 2020 மார்ச் 27 அன்று கொரோனா ஊரடங்குடன் மது விற்பனையும் நிறுத்தப்பட்டது. சில வாரங்களில் சந்தைகளில் அன்னாசிப்பழத்துக்குப் பெரும் கிராக்கி. அன்னாசி, சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர் போட்டு வீட்டுக்கு வீடு அன்னாசிப் பீர் விளைந்தது. அரசு கதவை மூடினால் அடுப்பு திறக்கும் என்பதற்கு இதைவிட அண்மைய சான்று தேவையில்லை.

காசு, சுவை, சட்டம். இவை மூன்றும் வெளியிலிருந்து தள்ளும் காரணங்கள். எதுவுமே தள்ளாத இடத்திலும் மக்கள் காய்ச்சுகிறார்கள். இன்றைய இங்கிலாந்தில் நல்ல பீர் தாராளமாகக் கிடைக்கிறது, சட்டமும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் காய்ச்சுகிறார். அதற்கான பதிலை நானே காய்ச்சிய பிறகுதான் கண்டுகொண்டேன்.

கடையில் பாக்கெட் மாவு கிடைக்கும்போது ஏன் அரிசி உளுந்து ஊறவைத்து அரைக்கிறீர்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் காசைச் சொல்வார்கள். பிறகு புளிப்பைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் வேறொன்று வரும்: மார்கழியில் மாவு பொங்காது, சித்திரையில் ஆறு மணி நேரத்தில் வழிந்துவிடும், கையால் கரைத்தால்தான் சரியாக வரும், புது அரிசிக்குத் தண்ணீர் குறைக்க வேண்டும். அது உயிருள்ள ஒன்றுடன் பல ஆண்டு பழகியவர்களின் பேச்சு. பீர் காய்ச்சுபவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஈஸ்ட் 20 பாகையில் அமைதியாக வேலை செய்யும், 26 ஆனால் பழவாடை வரும். தண்ணீரில் ஜிப்சம் இருந்தால் கசப்பு துலங்கும். பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீர் அப்படிப்பட்டது என்பதால்தான் அங்கே காய்ச்சிய ஏல் புகழ்பெற்றது. மற்ற ஊர்க்காரர்கள் இன்றும் ஒரு தேக்கரண்டி ஜிப்சத்தைத் தண்ணீரில் கரைத்துக்கொள்கிறார்கள்.

என் இரண்டாவது முயற்சி கெட்டுப்போனது. பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தது. வாயில் வைத்தால் காடி. 20 லிட்டரையும் கொட்டினேன். கலனின் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது திருகுமரையின் உள்ளே முந்தைய முறை காய்ச்சிய பீரின் படிவு ஒட்டியிருந்தது. வெளியே தேய்த்துக் கழுவியது போதும் என்று நினைத்திருந்தேன். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பதை அந்த ஒரு குழாய்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது முறை கருப்பட்டியில் கை வைத்தேன். உடன்குடியிலிருந்து வந்த கருப்பட்டி அரைக் கிலோவைத் தட்டி, வறுத்த பார்லி சேர்த்த ஸ்டவுட்டின் கொதியில் போட்டேன். ஆறு வாரம் கழித்துத் திறந்தால், கடைசி மடக்கில் பனையின் புகைமணம் நின்றது. இந்த ஊரில் எந்த ஆலையும் எனக்காக அதைக் காய்ச்சப்போவதில்லை. அந்தச் சுவை எங்கும் விலைக்குக் கிடையாது என்ற எண்ணமே ஆறு மணி நேர வேலையையும் கழுவலையும் மறக்கவைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகத்துக்கானாலும் அப்படித்தான். குடியால் சிதைந்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மதுவைப் பற்றி எழுதும்போது அந்த முகங்களை மறப்பதில்லை. இருந்தாலும், கடையில் வாங்கி நின்றபடியே விழுங்கிப் போவதற்கும், ஒரு மாதம் காத்திருந்து பத்துப் பாட்டிலை நண்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்க்கிறேன்.

நார்வேயில் அந்தப் பங்கிடுதல் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. மேற்கு நார்வேயின் பழைய குலாத்திங் சட்டம், விவசாயிகள் கிறிஸ்துமஸுக்குப் பீர் காய்ச்சி அக்கம்பக்கத்தாருடன் கூடிக் குடிக்க வேண்டும் என்றது. தவறினால் அபராதம். தொடர்ந்து மூன்று ஆண்டு தவறினால் சொத்தே பறிபோகும். சட்டம் மறைந்துவிட்டது. வோஸ் போன்ற மலைப் பள்ளத்தாக்குகளின் பண்ணைகளில் காய்ச்சும் வழக்கம் மறையவில்லை. ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகளைப் போட்டுக் காய்ச்சிய நீரில்தான் இன்றும் மால்ட்டை ஊறவைக்கிறார்கள். அவர்களுடைய ஈஸ்ட்டுக்குக் குவைக் என்று பெயர். மற்ற ஏல் ஈஸ்ட்கள் திணறும் 40 பாகைச் சூட்டிலும் இது இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். 2018இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் மரபணுக்களைப் பிரித்துப் பார்த்து, ஆலை ஈஸ்ட்களிலிருந்து தனித்து நிற்கும் ஒரு வளர்ப்புக் குடும்பம் என்று காட்டினார்கள். ஆலையில் அல்ல, பண்ணை வீடுகளில், தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பொறுக்கிப் பேணிய உயிர் அது.

அதை எப்படிப் பேணினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கோத்து மாலைபோல் ஒரு வளையம் செய்வார்கள். நொதித்து முடிந்த கலனின் அடியில் தங்கும் ஈஸ்ட் குழம்பில் அதைத் தோய்த்து, உலர்த்தி, உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். அடுத்த முறை காய்ச்சும்போது அந்த வளையத்தை இனிப்பு நீரில் போட்டால் உயிர் மீளும். ஒரு வீட்டில் ஈஸ்ட் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் உறைமோர் தீர்ந்துபோனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோமே, அப்படி.

காடியாகப் போன அந்த 20 லிட்டரைக் கொட்டிய மறுநாள், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக ஒரு ஜாம் பாட்டிலை நீட்டினார். அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்கு வெளிறிய குழம்பு. அவருடைய கலனின் அடியில் தங்கிய ஈஸ்ட். மூடியில் ஒட்டிய காகிதத்தில் தேதி எழுதியிருந்தார். கருப்பட்டிப் பீர் அதில்தான் விளைந்தது. பாட்டில்களை நிரப்பி முடித்த அன்று, கலனின் அடியில் இருந்ததை அதே ஜாம் பாட்டிலில் வழித்து, புதுத் தேதி ஒட்டி, வேலிக்கு மேலாகத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் கருத்திருந்தது. அவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, இது என்ன மணம் என்று கேட்டார்.